நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்குச் சந்தனப் பொட்டு

1

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காத இயந்திரங்களை எப்படி ஓட்டுவது என்று எழுதி, பதினேழு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் இங்கே ஹாம்பர்க்கில்.

எங்கள் கம்பெனி கிரேன்களை இயக்கும் ரிமோட் கருவிகளைச் செய்கிறது. அதற்குள் ஓடும் நிரலை எழுதுவது யான் என்ற பொறியாளர். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று கையேடு எழுதுவது நான். என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யான் சொல்வார். அதை நான் நல்ல ஆங்கிலத்தில், எண் போட்டு, ஆங்காங்கே மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி வைத்து எழுதுவேன். அடுப்பங்கரைப் பக்கமே போகாதவன் சமையல் புத்தகம் போடுகிற மாதிரிதான்.

நிரலை நான் பார்க்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. என் கணினியிலேயே அதற்கு வழி இருந்தது. சேர்ந்த புதிதில் ஒருமுறை திறந்தேன். உள்ளே வரிக்கு வரி அரைப்புள்ளி. நான் ஆங்கில இலக்கியம் படித்தவன், அரைப்புள்ளியை எங்கே வைக்கலாம் என்பதில் எனக்குச் சில கொள்கைகள் உண்டு. மூடிவிட்டேன்.

போன வருடம் ஆவணப் பிரிவில் நாலு பேர் இருந்தோம். இந்த வருடம் இரண்டு பேர். மேலாளர் ஃப்ராவ் லிண்ட்னர், அதாவது திருமதி லிண்ட்னர், என்னைக் கூப்பிட்டு, "எழுதித் தருவதற்கு இப்போது மென்பொருளே இருக்கிறது. நிரலைத் திறந்து பார்த்து, எழுதியது சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஆள்தான் எங்களுக்கு வேண்டும்" என்றார். புன்னகையோடுதான் சொன்னார். இந்த ஊரில் ஒருவர் புன்னகையோடு சொன்னால் அடுத்தது எழுத்தில் வரும். என் குடியுரிமை விண்ணப்பம் வேறு அலுவலகத்தில் கிடந்தது. அவர்களோ, உங்களுக்கு வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டு அவ்வப்போது கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஐம்பத்திரண்டு வயதில் நகராட்சி மாலை வகுப்பில் கோடிங் கற்கச் சேர்ந்தேன். என் பெஞ்சில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர். அவரும் நானும் சேர்ந்து கணினியிடம் "வணக்கம்" சொல்ல வைக்கவே மூன்று வாரம் ஆனது. வகுப்பில் புரியாததை வீட்டில் மகளிடம் கேட்பேன். யாழினிக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறவள். இப்போதெல்லாம் அவள் வாயிலிருந்து முழுசாக வரும் தமிழ் வாக்கியம் ஒன்றுதான்: "அப்பா, ரன் பண்ணிப் பாத்தியா?"

பாதி நேரம் பார்த்திருக்க மாட்டேன். நிரலையும் கட்டுரை போலக் கண்ணாலேயே படித்துத் திருப்தி அடைந்திருப்பேன்.

2

இந்த வருட ஆயுத பூஜை இங்கே ஒரு சாதாரணப் புதன்கிழமை. அன்று காலைதான் வேலைக்கு உதவுகிற மாதிரி என் முதல் நிரலை எழுதி முடித்திருந்தேன். நாற்பது வரிகூட இராது. கையேட்டில் நான் விளக்கியிருக்கும் பட்டன்களையும், யானுடைய நிரலில் அதே பட்டன்கள் உண்மையில் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தாதவற்றைக் காட்டும். பத்தரை மணிக்கு ஓடி முடித்துப் பதினொரு வித்தியாசங்களைக் காட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து போய் ஒரு காபிகூட எடுத்து வந்தேன். அந்தப் பதினொன்றும் யார் எழுதிய தப்புகள் என்பது காபி பாதி தீர்ந்த பிறகுதான் உறைத்தது.

பத்து, அற்பமானவை. பதினொன்றாவது, பக்கம் நாற்பத்து மூன்று.

அது மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பக்கம். 'சிவப்புப் பட்டனை மூன்று வினாடி அழுத்திப் பிடிக்கவும்' என்று எழுதியிருந்தேன். பழைய நிரலில் அது சரி. ரிமோட்டும் கிரேனும் மறுபடி இணையும், பிரேக் இறுகியபடியே இருக்கும். புதிய நிரலில் யான் அதை மாற்றியிருந்தார். ஒரு தட்டு தட்டினால் இணைப்பு. மூன்று வினாடி பிடித்தால் பிரேக் சோதனை. அதாவது பிரேக் ஒரு கணம் விடும். கொக்கி காலியாக இருந்தால் ஒன்றும் இல்லை. கொக்கியில் பாரம் தொங்கினால், பாரம் கீழே வரும்.

அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் யான் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: 'மாற்றியாயிற்று. ஆவணப் பிரிவு கையேட்டைத் திருத்திக்கொள்ளவும்.' குறிப்புக்கு வயது இரண்டு வருடம். ஆவணப் பிரிவு என்றால் நான். என் பேருக்கு வந்த கடிதம், நான் எட்டிப் பார்க்காத அறையில் இரண்டு வருடமாகப் பிரிக்காமல் கிடந்திருக்கிறது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு புகைப்படம் வந்து விழுந்தது. அனுப்பியவன் குமரேசன், என் தங்கை வீட்டுக்காரன். ஊரில், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு தனியார் கொட்டகையில் சூப்பர்வைசர். தகட்டுச் சுருள்களை, அவர்கள் பேச்சில் காயில்களை, லாரியிலிருந்து இறக்கி வைக்கும் இடம். படத்தில் மஞ்சள் கிரேனுக்கு மாலை, தூணுக்கு வாழைக்கன்று, ஒரு மேஜைமேல் பொரி, சுண்டல், சாத்துக்குடி. எங்கள் கம்பெனி ரிமோட்டுக்குக் குங்குமம். அதற்குப் பின்னால் சுவரில், லேமினேட் செய்து மாட்டிய ஒற்றைத் தாள். அதன் நெற்றியில் சந்தனம்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கம் நாற்பத்து மூன்று.

3

"இன்னா மச்சான், போட்டோ பாத்தியா? உன் பேப்பருக்குத்தான் மொத பொட்டு. அதுக்கப்புறந்தான் கிரேனுக்கே." குமரேசன் பொரி மென்றுகொண்டே பேசினான்.

"மாப்ள, அந்தப் பக்கத்த மட்டும் எதுக்கு மாட்டி வெச்சிகீற?"

"மத்ததெல்லாம் பீரோல கீது. பக்கத்து ஷெட்டுல நாலு பேரு ஒண்ணா கட்டிங் மிஷின் போட்டா நம்ம லைன் புடுங்கிக்குது. தெனம் தேவப்படற பக்கம் அதான்."

"அது தப்பு மாப்ள. கழட்டிடு."

"தப்புன்னா? ஸ்பெல்லிங்கா?"

"அதுல கீற மாதிரி செஞ்சா காயில் கீழ வுழும்."

மெல்லும் சத்தம் நின்றது. "காமெடி பண்ணாத. நாலு வருசமா அப்டித்தான் அமுக்கினு கீறோம்."

"சர்வீஸ் ஆளு யாருனா வந்தாங்களா?"

"போன வாரம் வந்தாரு. லேப்டாப்ப சொருவி இன்னாவோ புச்சா ஏத்திட்டுப் போனாரு."

"அதுக்கப்புறம் கரண்ட் போச்சா?"

"போவல. பக்கத்து ஷெட்டு ஒரு வாரமா லீவு. நாளைக்கி நாங்களே கட் பண்ணப் போறோம்."

அப்போதுதான் தேவகியைப் பற்றிச் சொன்னான். வியாசர்பாடிப் பெண், டிப்ளமா படித்தவள். அந்தக் கொட்டகைக்கு முதல் பெண் ஆபரேட்டராக வரப்போகிறாள். விஜயதசமி அன்று பத்தரை மணிக்கு நல்ல நேரம் பார்த்து அவளுக்குப் பரீட்சை. எட்டு டன் காயிலைத் தூக்கி நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சை அணைப்பார்கள். மறுபடி போட்டதும், கையேட்டில் உள்ளபடி அவள் செய்து காட்ட வேண்டும். முதலாளி எதிரில் நிற்பார். தேறினால் வேலை.

"அந்தப் பொண்ணு உன் புக்க மொத பக்கத்துலேந்து கடைசி வரைக்கும் படிச்சிகீது மச்சான். நோட்ஸ் வேற எடுத்து வெச்சிகீது. அந்தப் புக்க முழுசா படிச்ச ஒரே ஆளு அதான்."

பதினேழு வருடமாக இப்படி ஒரு வாசகருக்காகத்தான் காத்திருந்தேன். கிடைத்ததும், ஐயோ, இந்தப் பெண்ணும் மற்றவர்களைப் போலப் படிக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"கரண்ட் வரசொல்ல அந்தப் பொண்ணு எங்க நிக்கும்?"

"ரிமோட்ட இடுப்புல கட்டிகினு காயிலாண்டதான். வேற எங்க நிக்கும்?"

"மாப்ள, இப்பவே அந்தப் பேப்பர எட்றா."

"பூஜைல வெச்சத இன்னிக்கு எடுப்பாங்களா? ஜெர்மனி போயி அதுகூட மறந்துடுச்சா? காலைல பூஜ முடிஞ்சாதான் கை வெப்போம்."

"அப்ப அந்தப் பொண்ணாண்ட சொல்லிடு. அமுக்கிப் புடிக்காதன்னு."

"சொல்றது பெருசில்ல. பேப்பர்ல ஒண்ணு கீது, அது வேற ஒண்ணு செய்யுதுன்னா, மொதலாளி ஃபெயில்னுட்டுப் போயிடுவாரு. பொம்பளப் புள்ள எதுக்குன்னு கேக்கறதுக்குன்னே ரெண்டு பேரு கூட நிக்கறானுங்க. எங்க மச்சான் போன்ல சொன்னாருன்னா ஒத்துக்குவாங்களா?"

"பரீட்சைய தள்ளிப் போடு."

"இந்த நல்ல நேரத்தத் தாண்டுனா மொதலாளி மனசு மாறிடும். அது தெரிஞ்சிதான அவசரப்படுறேன். நீ கம்பெனி லெட்டர் அனுப்பு மச்சான். கையெழுத்து போட்டு, சீல் குத்தி. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"இன்னா மாப்ள கலாய்க்கிறியா? உசுரு மேட்டரு!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. மாடியில் இருந்த இருபது தலைகளும் திரும்பின. நான் தண்டையார்பேட்டைக்காரன். பல வருடங்களுக்கு முன் அண்ணா சாலையில் ஒரு நேர்முகத் தேர்வில், நான் 'கீது' என்றதும் எதிரில் இருந்தவர் சிரித்தார். அன்று வாயிலிருந்து துடைத்து எடுத்த பாஷை அது. எங்கும் போய்விடவில்லை. தீயணைப்புக் கருவி மாதிரி உள்ளேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

4

இது என் முதல் குற்றமும் அல்ல.

கையேடு எழுதும் தொழிலுக்கு வந்த புதிதில் திருவொற்றியூர் ரயில்வே கேட் பக்கம் ஒரு வால்வு பட்டறையில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்கு முதல் ஆர்டர் போகிறது, இங்கிலீஷில் குறிப்பு வேண்டும் என்றார்கள். தரையில் உட்கார்ந்து, மேலே தொங்கிய வால்வை அண்ணாந்து பார்த்தபடி, இடமிருந்து வலமாகத் திருப்பினால் திறக்கும் என்று எழுதினேன். கீழேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. வால்வைத் திருப்புகிறவன் மேலே நிற்பான் என்பது என் கற்பனைக்கு எட்டவில்லை. எழுந்து நின்று ஒருமுறை கையால் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

பெட்டிகள் துறைமுக கோடவுனுக்குப் போய்விட்டன. பட்டறையின் ஃபிட்டர் எதேச்சையாக ஒரு தாளைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நைனா, நீ மல்லாக்கப் படுத்துகினு எழுதுனியா?" என்றார். ராயபுரம் பக்கம் ஒரு கோடவுனில் அன்று மாலை முழுக்க இரண்டு பேரும் பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தாளை மாற்றினோம். கருவாட்டு வாசனையும் டீசல் புகையும் கலந்த அந்தக் காற்றில், இனிமேல் தொடாமல் எதையும் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியம் தீபாவளி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

5

யானிடம் போனேன். இங்கே பதினொன்றரை, சாத்தாங்காட்டில் மூன்று.

"நான்தான் குறிப்பு எழுதி வைத்தேனே" என்றார்.

"எங்கே?"

"நிரலில்."

"எனக்கு நிரல் படிக்கத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியாதா?"

"கிரேனுக்குக் கையேடு எழுதுகிறவருக்கு அது தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு அவர், பாரம் தொங்கும்போது சோதனை தொடங்காதபடி தான் ஒரு தடுப்பு வைத்திருப்பதாகச் சொன்னார். நிச்சயமாகவா என்றேன். நிச்சயம் என்றார். பழைய நானாக இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, ஒரு மஞ்சள் முக்கோணத்தைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு யாழினியின் குரல்தான் காதில் கேட்டது. ரன் பண்ணிப் பாத்தியா?

சோதனைக்கூடத்தில் ஒரு சிறிய மோட்டார், அதில் தொங்கும் இருபது கிலோ எடை, எங்கள் ரிமோட். பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் எழுதினேன். எடையைத் தூக்கு, மின்சாரத்தை நிறுத்து, பத்து வினாடி பொறு, மின்சாரம் கொடு, பட்டனை மூன்று வினாடி பிடி. முதல் தடவை பிழை. இரண்டாவது தடவை அடைப்புக்குறி ஒன்று குறைந்தது. மணி ஒன்றரை. மூன்றாவது தடவை எடை அமைதியாக மேலே போனது. விளக்கு அணைந்தது, எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

எடை மேஜைமேல் விழுந்த சத்தத்தில் என் காபிக் கோப்பை துள்ளிக் கீழே போனது. யான் கோப்பையைப் பார்க்கவில்லை. திரையில் தன் தடுப்பு இருந்த வரியைத் தேடினார். மின்சாரம் போனதும் எடை தொங்குகிறது என்பதையே கருவி மறந்துவிடுகிறது, தடுப்புக்குத் தடுக்க ஒன்றும் இல்லை. "மறுபடி ஓட்டுங்கள்" என்றார். ஓட்டினேன். மறுபடி விழுந்தது. பதினொரு வருடத்தில் அன்றுதான் அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மீதி இருந்தது காகிதம். கையேட்டின் ஒரு பக்கத்தைத் திரும்பப் பெற இங்கே ஒரு படிவம் உண்டு. 'பிழையின் காரணம்' என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள்: மென்பொருள், கருவி, பயனர். ஃப்ராவ் லிண்ட்னர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"மென்பொருள் என்றால் குழு கூட வேண்டும். அடுத்த வாரம். கருவி என்றாலும் அப்படித்தான். பயனர் என்று குறித்தால் கடிதம் இன்றே போகும்."

பயனர் என்றால் தேவகி. ஆபரேட்டர்கள் பட்டனைத் தவறாக உபயோகிக்கிறார்கள் என்று எங்கள் கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம் சாத்தாங்காட்டுக்குப் போகும். கூட நிற்கிற அந்த இரண்டு பேருக்கு வேறென்ன வேண்டும்? காயில் விழாது. வேலை விழுந்துவிடும்.

மூன்று கட்டங்களுக்குக் கீழே பேனாவால் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். 'கையேடு' என்று எழுதி, அதில் குறியிட்டு, அடைப்புக்குள் என் பெயரையும் போட்டேன்.

"படிவத்தில் கட்டம் வரையக் கூடாது" என்றார்.

"நாளைக் காலை ஒரு பெண் அதன் பக்கத்தில் நிற்பாள். நீயே சொல், நான் எதில் குறியிடட்டும்?"

பதினொரு வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றே பேசி வந்தவர்கள். வாய் தவறி வந்த 'நீ' மேஜைமேல் அப்படியே கிடந்தது. குடியுரிமை அலுவலகத்திலிருந்து அடுத்து வரப்போகும் கடிதம் எனக்குக் கண்ணில் தெரிந்தது. அவர் என் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சோதித்தவர் கையெழுத்து வேண்டும். வழக்கமாகச் சோதிப்பவர் விடுமுறையில் மலையேறிக்கொண்டிருக்கிறார்" என்றார். அதைச் சொன்னவரே படிவத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த விதியைச் சத்தமாக வாசித்தார். சோதனையை எழுதி ஓட்டிய எவரும் சோதித்தவரே.

பதினேழு வருடத்தில் 'எழுதியவர்' என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான தடவை கையெழுத்திட்டிருக்கிறேன். 'சோதித்தவர்' என்ற இடத்தில் அதுதான் முதல் தடவை.

6

டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன், கோடிங் கற்றுக்கொண்டால் பிரயோஜனம் உண்டா என்று ஊரிலிருந்து சில தம்பிகள் கேட்டு எழுதுகிறார்கள். சம்பளம் எகிறும் என்று என்னால் சொல்ல முடியாது, எனக்கு எகிறவில்லை. பொறியாளர் ஆகவும் முடியாது. எனக்கு இன்னும் ஒரு அடைப்புக்குறி குறைகிறது. ஆனால் உங்கள் பேருக்கு வரும் கடிதங்களை நீங்களே பிரித்துப் படிக்கலாம். ஒருவர் 'நிச்சயம்' என்றால், இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகலாம். என் வேலை இன்றைக்கும் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஃப்ராவ் லிண்ட்னரைக் கேட்டுவிடாதீர்கள்.

கடிதம் அந்தக் கருவியை வாங்கிய எல்லோருக்கும் நாலரைக்குப் போனது. கூடவே நான் அவசர அவசரமாக அடித்த புதிய நாற்பத்து மூன்றாம் பக்கம். முதலில் கிரேனிலிருந்து தொங்கும் கை சுவிட்சால் பாரத்தைத் தரையில் இறக்கு, பிறகு சிவப்புப் பட்டனை ஒரே ஒரு தட்டு. 'வந்துச்சி. காலைல புச்சுக்கும் பொட்டு வெச்சி மாட்டிடறேன்' என்று குமரேசன் பதில் போட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வீடியோவில் அழைத்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த யாழினி எட்டிப் பார்த்தாள். கொட்டகை வாசலில் உடைத்த பூசணிக்காய். கிரேனில் எட்டு டன் காயில், ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நீலச் சட்டை, ஹெல்மெட், இடுப்பில் ரிமோட்டோடு தேவகி நின்றாள். என்னைவிட நிதானமாக இருந்தாள். முதலாளி கையில் புதிய தாள். அவருக்குப் பின்னால் கை கட்டிய இரண்டு பேர்.

மெயின் சுவிட்ச் இறங்கியது. விளக்குகள் அணைந்தன. யாழினி மெல்லுவதை நிறுத்தினாள்.

மின்சாரம் வந்தது. தேவகியின் கை ரிமோட்டுக்குப் போகவில்லை. நடந்து போய்க் கை சுவிட்சைப் பிடித்தாள். காயில் அங்குலம் அங்குலமாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. பிறகு சிவப்புப் பட்டனில் ஒரு தட்டு. பச்சை விளக்கு. முதலாளி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். குமரேசன் போட்ட விசிலில் போனே அதிர்ந்தது. யாழினி என் தோளைத் தட்டி, பள்ளிப் பையைத் தூக்கும் முன், இரண்டாவதாக ஒரு தமிழ் வாக்கியத்தை எனக்காகச் சொன்னாள்: "சூப்பர்ப்பா."

"இந்தா மச்சான், பொண்ணு உன்னாண்ட பேசணுமாம்" என்று குமரேசன் போனைக் கொடுத்தான். நன்றி எல்லாம் வேண்டாம் என்று சொல்ல அடக்கமான முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டேன்.

"சார், புது பேப்பர்ல ஒரு டவுட்டு" என்றாள் தேவகி. "மூணாவது ஸ்டெப்ல காயில தரையில எறக்குன்னு போட்டுகீறீங்க. நாலாவது ஸ்டெப்லயும் அதே போட்டுகீறீங்க. தரைக்குக் கீழ எங்க சார் எறக்கறது?"